பலகையை எடுத்தது யார்?

பெண் விஞ்ஞானிகளைச் சினிமாவில் நிறையக் காட்ட வேண்டும், காட்டினால் பெண்பிள்ளைகள் அறிவியல் படிக்க வருவார்கள் என்று ஒரு பேச்சு வெகுநாளாக நடக்கிறது. கல்வியாளர்கள் சொல்கிறார்கள், பெண்ணியத் தோழர்கள் சொல்கிறார்கள், அரசாங்கமும் சொல்கிறது. நல்ல பேச்சுதான். மறுக்கிறதுக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பெண்பிள்ளைகள், எந்தத் தெருப் பெண்பிள்ளைகள் என்று கேட்டதும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. 'பெண்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாத் தெருவையும் அடைத்துவிட்டு மேற்கொண்டு நகரப் பார்க்கிறார்கள். நாம் நகர முடியாது. நம்முடைய தெரு அந்தச் சொல்லுக்குள் இல்லை.

டேவிட் வேட் சேம்பர்ஸ் என்கிற ஆய்வாளர் 1966 முதல் 1977 வரை கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லிப் படங்களைச் சேகரித்தார். 1983-ல் முடிவை வெளியிட்டார். 4,807 பிள்ளைகள் வரைந்ததில் பெண்ணாக வரையப்பட்ட விஞ்ஞானி 28. அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் பெண்பிள்ளைகள். ஒரு ஆண்பிள்ளைக்குக்கூட அப்படித் தோன்றவில்லை. வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, தாடி, புகை வருகிற குடுவை. இதுதான் விஞ்ஞானி. அதற்கப்புறம் அமெரிக்காவில் இதே சோதனையைப் பலரும் செய்தார்கள். அப்படிப்பட்ட 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பெண் விஞ்ஞானி நூற்றுக்கு 28 என்று ஏறியிருக்கிறது. மாற்றம்தான். ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. ஆறு வயதுப் பெண்பிள்ளைகள் பத்துக்கு ஏழு விஞ்ஞானியைப் பெண்ணாக வரைகிறார்கள். பத்து, பதினோரு வயதில் அது தலைகீழாகத் திரும்புகிறது. பதினாறு வயதில் நாலுக்கு மூன்று ஆண்.

அந்தப் பத்து, பதினோரு வயதில் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் என்ன நடக்கிறதோ, நம்மூரில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். வாசலில் நிற்காதே, சத்தமாச் சிரிக்காதே, மாமன் வர்றான் உள்ளே போ. சேரிப் பிள்ளைக்கு இதோடு இன்னொன்றும் கூடுகிறது. ஊர்த்தெருப் பிள்ளைகள் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது அந்த வயதில்தான் அவளுக்கு முழுசாகப் புரிகிறது.

நான் தமிழ் படித்தவள். அதனால் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறேன். 'விஞ்ஞானி' என்ற சொல்லுக்கு ஆண்பால் விகுதி கிடையாது. யாரை வேண்டுமானாலும் குறிக்கலாம். ஆனாலும் 'பெண் விஞ்ஞானி' என்று எழுதுகிறோமே தவிர 'ஆண் விஞ்ஞானி' என்று யாரும் எழுதுவதில்லை. 'தலித் எழுத்தாளர்' என்கிறார்கள், 'முதலியார் எழுத்தாளர்' என்று சொல்கிறார்களா? அடைமொழி இல்லாமல் இருப்பதுதான் அதிகாரம். இன்னும் ஒன்று பாருங்கள், விஞ்ஞானிக்குள்ளே ஒரு ஞானி உட்கார்ந்திருக்கிறான். ஞானி என்றால் நம் மனசில் யார் வருகிறார்? தாடி, திண்ணை, மான்தோல். எதையும் தொடாமல் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் அறிந்தவன். வெள்ளைக்காரப் பிள்ளை வரைந்த தாடியும் நம்முடைய ரிஷியின் தாடியும் இந்தச் சொல்லில் வந்து ஒட்டிக்கொண்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பகுதியில் காலனிப் பிள்ளைகளுக்கு நாங்கள் சில தோழர்கள் சேர்ந்து மாலைப் பள்ளி நடத்துகிறோம். அங்கேயும் ஒருநாள் தாளைக் கொடுத்து விஞ்ஞானியை வரையச் சொன்னேன். பெரும்பாலான பிள்ளைகள் அப்துல் கலாமின் தலைமுடியை வரைந்தார்கள். நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் வழிகிற அந்த முடியை வரைந்துவிட்டால் முகமே தேவையில்லை. ராமேஸ்வரத்து முஸ்லிம் ஒருவரின் தலைமுடி தமிழ்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தின் அடையாளமாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரே ஒரு பிள்ளை, ஏழாவது படிக்கிறவள், சேலை கட்டி வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணை வரைந்திருந்தாள். மேசை மேலே ஏதோ கறுப்பாக ஒரு சாமான்.

"யாருடி இது?"

"ஆஸ்பத்திரி லேப் அக்கா."

மற்றதெல்லாம் சிரித்தது. "ஐய, அது சளி டெஸ்ட் எடுக்கறதுடி, விஞ்ஞானியாம்." அந்தப் பிள்ளை விடவில்லை. "அது மைக்ரோஸ்கோப்ல பாக்குதுல்ல? நீ பாத்துருக்கியா?" என்றது.

அந்த லேப் அக்கா எங்கள் காலனியிலிருந்து போனவர். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. அவர் என்ன செய்கிறார் என்று அப்புறம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காசநோய் சந்தேகப்படுகிறவர்களின் சளியைக் குச்சியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்க்கிறார். காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் தீ காட்டுகிறார். அமிலத்தில் கழுவினால் மற்றதெல்லாம் நிறம் இழக்கும், காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. பிறகு நீலச் சாயம். கண்ணை வைத்துப் பார்த்தால் நீலத்துக்கு நடுவில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். "ஒரு குச்சி தப்புனாலும் ஒரு வீடே படுத்துடும்" என்றார். அந்தக் கிருமியை ராபர்ட் கோக் 1882-ல் உலகத்துக்கு அறிவித்தார். அவர் விஞ்ஞானி. நாள்தோறும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற இவர் 'லேப் அக்கா'. முதன்முதலில் கண்டவரும் கண்டதையே மறுபடி பார்க்கிறவரும் ஒன்றாகிவிட முடியுமா என்று வாதிடலாம். சரிதான், ஒன்றில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. பிள்ளைகள் சிரித்தது அந்த வித்தியாசம் தெரிந்து சிரித்த சிரிப்பா? இல்லை. சளியைத் தொடுகிறவள் எப்படி விஞ்ஞானி ஆவாள் என்கிற சிரிப்பு அது. நம்ம பிள்ளைகளே சிரிக்கிறார்கள். தொடுவது தாழ்வு, தொடாமல் அறிவது உயர்வு என்பதை யார் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் மனித உடலை அறுத்துப் பார்த்தார். பிணத்தைத் தொட்டு அறுத்த முதல் இந்தியர் என்று பாராட்டி எழுதியிருக்கிறார்கள். முதல் இந்தியராம்! அதுவரைக்கும் இந்த நாட்டில் பிணத்தைத் தொட்டவர்களே இல்லையா? தூக்கினது யார், எரித்தது யார், செத்த மாட்டை அறுத்துத் தோலை உரித்து, எலும்பு எங்கே நரம்பு எங்கே என்று கையால் அறிந்து வைத்திருந்தது யார்? வெட்டியானும் சக்கிலியரும் டோம்களும் இந்தியர் கணக்கில் வரவில்லை. 'முதல்' என்ற சொல்லைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது. எண்ணிக்கையை எங்கேயிருந்து தொடங்கினார்கள்? வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் 1902-ல் எழுதத் தொடங்கிய இந்து வேதியியல் வரலாற்றில், கைவேலையையும் மூளைவேலையையும் சாதி பிரித்துவிட்டதுதான் இந்த நாட்டில் அறிவியல் பட்டுப்போனதற்குக் காரணம் என்று சொன்னார். நம் ஆட்கள் சொன்னால் காழ்ப்பு என்பார்கள். சொன்னவர் அவர்.

சினிமாவுக்கு வருகிறேன். தமிழில் பெண் விஞ்ஞானி கதையின் நடுவில் நின்ற படம் எது என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே படத்தைத்தான் சொல்கிறார்கள். 2011-ல் ஏ.ஆர். முருகதாஸ் எடுத்த '7ஆம் அறிவு'. சுருதிஹாசன் மரபணு ஆராய்ச்சி செய்கிற மாணவியாக வருகிறார். தமிழில் பேசுகிறார், ஆங்கில மோகத்தைக் கண்டிக்கிறார், போதிதர்மரைக் கண்டுபிடிக்கிறார். மாணவிகளுக்குப் பிடிக்காமல் இருக்குமா? எனக்கும் சில இடங்கள் பிடித்தன. ஆனால் அந்தப் பெண் விஞ்ஞானி ஒரு இடத்தில், நாடு உருப்படாமல் போனதற்குக் காரணம் என்று சிபாரிசையும் ஊழலையும் சொல்லி அவற்றோடு இடஒதுக்கீட்டையும் சேர்த்துவிடுகிறார். அப்போதே எதிர்ப்பு வந்தது. திராவிட இயக்கக் குடும்பத்துப் பட நிறுவனம் தயாரித்த படம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வசனத்தை மட்டும் எடுத்துக் கண்டித்துவிட்டுப் பலரும் போய்விட்டார்கள். வசனம் தவறிப்போய் வந்து விழுந்ததல்ல, படத்தின் அறிவியலே அதுதான் என்பது என் எண்ணம். கதை என்ன? மூதாதையின் திறமை இரத்தத்தில் இருக்கிறது. பல நூறு வருடம் கழித்து வாரிசின் உடம்பில் அதைத் தட்டி எழுப்பினால் போதும், அவன் கற்காமலே எல்லாம் வந்துவிடும். மூதாதை யார்? அரசகுலத்தில் பிறந்தவர். ஆக, அறிவு பிறப்பால் வருகிறது, குலத்தால் இறங்குகிறது என்று மனுநீதி சொன்னதை ஒரு பெண் விஞ்ஞானி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு டி.என்.ஏ. என்று சொல்கிறாள். இப்படிச் சொல்கிறவள் இடஒதுக்கீட்டை ஆதரித்தால்தான் ஆச்சரியம். இதே டி.என்.ஏ. நம்மிடம் எப்படி வந்தது? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2023-ல், சோதனைக்கு இரத்தம் கொடுங்கள் என்று அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிடமே கேட்டார்கள். பலர் மறுத்தார்கள். அவர்களுக்கு அறிவியல்மேல் நம்பிக்கை இல்லையென்று யாராவது சொல்வார்களா தெரியவில்லை.

மற்றப் படங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். 'எந்திரன்' படத்தில் விஞ்ஞானி ஆண், மருத்துவம் படிக்கிற கதாநாயகிக்குப் பரீட்சையில் எந்திரம் விடை சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இந்தியில் 2019-ல் வந்த 'மிஷன் மங்கள்' செவ்வாய்க்கோளுக்குக் கலம் அனுப்பிய பெண்களைப் பற்றியது என்றார்கள். விளம்பரத் தட்டியில் அக்ஷய் குமாரின் முகம்தான் பெரிசு. வித்யா பாலனுக்குப் பூரி சுடுகிறபோதுதான் எரிபொருள் யோசனை வருகிறது. அடுப்பை அணைத்த பிறகும் எண்ணெய்ச் சூட்டில் பூரி வேகிறதாம். அடுப்படியில் அறிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருபது வருடம் படித்த படிப்பிலிருந்து வராத யோசனை பூரியிலிருந்துதான் வர வேண்டுமா? ஆண் விஞ்ஞானிக்குச் சவரம் செய்கிறபோது யோசனை வந்ததாக யாராவது படம் எடுக்கிறார்களா?

திரைக்கு வெளியில் இருந்தவர்களையும் பார்க்க வேண்டும். 1933-ல் கமலா பாகவத், பின்னாளில் கமலா சோஹோனி, பெங்களூர் அறிவியல் கழகத்தில் சேரப் போனபோது பெண் என்பதால் சி.வி. ராமன் மறுத்தார். அப்பாவும் சித்தப்பாவும் அதே கழகத்தில் வேதியியல் படித்த குடும்பத்துப் பெண் அவர். சண்டை போட்டுத்தான், ஒரு வருடம் பார்த்துவிட்டு உறுதிசெய்வோம் என்ற நிபந்தனையோடு சேர்ந்தார். அன்னா மாணி அதே ராமனின் ஆய்வகத்தில் வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லையென்று சொல்லி முனைவர் பட்டம் கொடுக்கவில்லை. தலைச்சேரியில் தீயர் சாதியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். மிச்சிகனில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கி, கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். நாம் இன்றைக்குத் தின்கிற கரும்பின் இனிப்பில் அவர் ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. அவரும் பின்னால் பத்து வருடத்துக்கு மேல் இங்கிலாந்தில் இருந்துதான் வேலை செய்ய வேண்டியிருந்தது. இவர்கள் எல்லாம் பெண் என்பதற்காகப் பட்டார்கள், உண்மை. ஆனால் வாசல் வரைக்கும் வந்து சண்டை போட இவர்களால் முடிந்தது. வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாதவர்களின் கதையை யார் எழுதுவது? ராமனின் ஆய்வகத்துப் பெண்களையும் மேக்நாத் சாகாவின் சாதியையும் ஒரே புத்தகத்தில் வைத்து ஆபா சூர் 2011-ல் எழுதினார். அந்த மாதிரி எழுத்து இன்னும் வர வேண்டும்.

போன கோடை முகாமில் 'ஹிடன் ஃபிகர்ஸ்' படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். 2016-ல் வந்த அமெரிக்கப் படம். நாசா விண்வெளிக் கழகத்தில் கணக்குப் போட்ட மூன்று கறுப்புப் பெண்கள், கேத்தரின் ஜான்சன், டோரதி வாகன், மேரி ஜாக்சன். ஒரு தோழர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் அசையவில்லை. கேத்தரினுக்கு வெள்ளையர் கழிப்பறை கிடையாது. கணக்குத் தாள்களை அள்ளிக்கொண்டு அரை மைல் ஓடுகிறார், மழையில் நனைந்துகொண்டு திரும்பி வருகிறார். நம்ம பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியை கைதானார். அது பத்திரிகையில் வந்த ஒன்று. எங்கள் முகாமில் ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னது, "எங்கள கழுவ உடுவாங்க, போவ உட மாட்டாங்க."

படத்தில் அப்புறம் என்ன நடக்கிறது? மேலதிகாரி, வெள்ளைக்காரர், கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து கறுப்பர் கழிப்பறைப் பலகையை அடித்து நொறுக்குகிறார். பிள்ளைகள் கை தட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள்.

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அந்த மேலதிகாரியே பல பேரைச் சேர்த்துச் செய்த பாத்திரம். நிஜத்தில் கேத்தரின் ஜான்சன் பலகை இல்லாத, வெள்ளையர் பயன்படுத்திய கழிப்பறைக்கே போய்வந்தார். பின்னால் யாரோ ஆட்சேபித்தபோதும் சட்டை செய்யவில்லை. இதை அவரே சொல்லியிருக்கிறார். படத்துக்கு மூலமான மார்கோ லீ ஷெட்டர்லியின் புத்தகத்தில் இன்னொரு பெண் வருகிறார், படத்தில் அவர் இல்லை. பெயர் மிரியம் மேன். 1940-களில் அந்த நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கறுப்புப் பெண்கள் உட்காரும் மேசையில் நிறத்தைச் சொல்லி ஒரு பலகை வைத்திருப்பார்கள். மிரியம் மேன் அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொள்வார். சில நாளில் புதுப் பலகை வரும். அதையும் எடுப்பார். மறுபடி வரும், மறுபடி எடுப்பார். ஒருநாள் வருவது நின்றுபோயிற்று.

கடப்பாரைக் காட்சியைப் பற்றி அந்தப் பட இயக்குநரிடம் கேட்டபோது, சரியான காரியத்தை யார் செய்தால் என்ன, காரியம் நடந்தால் சரி என்கிற பொருளில் பதில் சொன்னார். இந்தக் கேள்வியைத்தான் நான் பேச விரும்புகிறேன். யார் செய்தால் என்ன?

சட்டென்று கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. பலகை போனால் சரி. எந்தக் கை எடுத்தால் என்ன, கழிப்பறை திறந்தால் போதாதா? நமக்கு இந்தக் கேள்வி புதிசில்லை. 1923-ல் பம்பாய்ச் சட்டசபையில் போலே தீர்மானம் வந்தது. பொதுக்குளம், கிணறு எல்லாம் தீண்டப்படாதவர்களுக்கும் உண்டு என்றது. 1924-ல் மகாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. பலகையை எடுத்தாயிற்று. யாராவது தண்ணீர் குடித்தார்களா? முடியவில்லை. 1927 மார்ச் 20-ல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து போய்க் குளத்தில் கையை வைத்துத் தண்ணீரை அள்ளிய பிறகுதான் அது குளமாயிற்று. அடிவாங்கினார்கள், மேல்சாதிக்காரர்கள் குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள், வழக்குப் போட்டார்கள், எல்லாம் நடந்தது. ஆனால் தண்ணீரில் பட்டது யாருடைய கை என்பது காரியத்துக்கு வெளியில் உள்ள விஷயமில்லை. காரியமே அதுதான். மற்றவன் திறந்துவிட்ட கதவு வழியாகப் போகிறவளுக்கு இடம் கிடைக்கலாம். அவள் இன்னும் அவன் வீட்டு விருந்தாளிதான்.

எங்களோடு வேலை செய்கிற அறிவியல் ஆசிரியத் தோழர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. முகாமில் நான் மிரியம் மேன் கதையைச் சொல்லி, கடப்பாரைக் காட்சி பொய் என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் தோழர், பிள்ளைங்க இப்பத்தான் சந்தோஷமா கை தட்டுச்சிங்க. நாலு பிள்ளை நாளைக்கு ஃபர்ஸ்ட் குரூப் கேக்கும். நீங்க உண்மை உண்மைன்னு சொல்லி அதக் கெடுக்கறீங்க. நம்பிக்கை குடுக்கற பொய்யி குடுத்துட்டுப் போவுது" என்றார்.

அவர் சொன்னதை லேசாகத் தள்ள முடியாது. பிம்பம் வேலை செய்கிறது. 1993-ல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்கிற தொலைக்காட்சித் தொடரில் ஸ்கல்லி என்று ஒரு பெண் மருத்துவ விஞ்ஞானி வருவார். அந்தப் பாத்திரத்தால் தங்களுக்குத் துணிவு வந்ததென்று அமெரிக்காவில் அறிவியல் துறைப் பெண்கள் பலர் 2018-ல் ஒரு கணக்கெடுப்பில் சொன்னார்கள். பாத்திரம் கற்பனை, வந்த துணிவு நிஜம். அதனால் பொய் என்பதற்காக நான் ஆட்சேபிக்கவில்லை. எந்த மாதிரி நம்பிக்கையைக் கொடுக்கிறது என்பதுதான் விஷயம். ஓடி ஓடிக் களைத்து நீ உடைந்து அழுகிறபோது ஒரு நல்ல மேலதிகாரி கடப்பாரையோடு வருவார் என்கிறது படம். வராவிட்டால்? எனக்குப் பத்தாவது முடிந்து அறிவியல் குரூப் கேட்டபோது யாரும் கடப்பாரையோடு வரவில்லை. "உனக்கு எதுக்கும்மா அது, கஷ்டம்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். மதிப்பெண் இருந்தது. அப்போது நான் என்ன நினைத்தேன்? சரிதான், நமக்கு வராது போலிருக்கு என்று நினைத்தேன். நல்லவன் வருவான் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, வராதபோது தன்னிடம்தான் குறை என்று முடிவு கட்டும். இது பொய்யைவிட மோசமான காரியம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நானும் சினிமாதான் காட்டுகிறேன். உன் கையாலேயே எடு என்று சொல்வது மட்டும் போதுமா? அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 எடுத்தவள். மூட்டை தூக்குகிற தகப்பனின் மகள். யாரும் வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கவில்லை, நீட் தேர்வுக்கு எதிராக உச்சநீதிமன்றம் வரைக்கும் அவளே போனாள். 2017 செப்டம்பர் 1-ல் செத்துப் போனாள். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத ஆசைப்பட்ட ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் செத்துப் போனார். கதவு திறக்கவில்லை. அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நாம் இன்னொரு பிள்ளையிடம் போய், நீயும் போ, தட்டு என்று சொல்வது? 'முன்மாதிரி' என்கிறோம். அதே அரியலூரிலிருந்து போய் 2012-ல் ரிசாட் செயற்கைக்கோள் திட்டத்துக்கு இயக்குநராக இருந்த வளர்மதியைக் காட்டுகிறோம், செங்கோட்டை நிகர் ஷாஜியைக் காட்டுகிறோம். காட்ட வேண்டியதுதான், பெரிய பெண்கள். ஆனால் ஒருத்தி போய்ச் சேர்ந்ததைக் காட்டி, பார், வழி இருக்கிறது, போகாதது உன் சோம்பல் என்று சொல்கிற வேலையும் அதே படத்தை வைத்துத்தான் நடக்கிறது. இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் வாங்குகிறவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பெண்கள். ஆராய்ச்சிப் பணியில் 2018 கணக்குப்படி 16.6 சதவீதம். உயர்ந்த ஐ.ஐ.டி.களில் தலித், ஆதிவாசிப் பேராசிரியர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று 2023-ல் 'நேச்சர்' இதழ் எழுதியது. அந்த ஒன்றுக்குள்ளே பெண்கள் எத்தனை என்று தேட உங்களுக்கு லேப் அக்காவின் மைக்ரோஸ்கோப் வேண்டும்.

அதனால் எனக்கு மிரியம் மேனைப் பிடிக்கிறது. அவர் தனி ஆளாகச் சாகசம் செய்யவில்லை. அந்த மேசையில் கூடவே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தார்கள், பயந்தார்கள், சிரித்தார்கள். வேலை போய்விடும் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். பலகை மறுபடி வரும் என்று அவருக்குத் தெரியும். ஒரு அடியில் உடைகிற சாமான் இல்லை அது. சினிமாவுக்கு இது ஒத்துவராது. கைப்பையைத் திறந்து மூடுவதை எத்தனை தடவை காட்டுவார்கள்? பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு ஒத்துவருகிறது. நீ போகிற இடத்தில் பலகை இருக்கும், எடுத்தாலும் திரும்ப வரும், அது உன் குறையில்லை, உன் மேசையில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார். இவ்வளவுதான் நான் சொன்னது. தோழர் முழுசாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "சரி, ரெண்டையும் சொல்லுவோம்" என்றார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப் அக்காவையே மாலைப் பள்ளிக்குக் கூப்பிட்டோம். தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியரிடம் சொல்லி, பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். சளியெல்லாம் இங்கே கூடாது என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை அரிந்து உள்தோலைக் கண்ணாடிச் சில்லில் விரித்துச் சாயம் விட்டார். பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு தள்ளி நின்றன. "ஏன் நிக்கறீங்க, தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். அன்றைக்குச் சிரித்த பிள்ளைதான் முதலில் வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தது.

"யக்கா, கறுப்பா முடி முடியா தெரியுது."

"அது உன் கண்ணு எமைடி. இன்னும் கொஞ்சம் தள்ளி வெய்யி, அந்தத் திருகாணிய நீயே திருப்பு."